கல்லில் காய்த்த கொல்லை

கால்சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டிருக்கிறார். தோளில் ஒரு குழந்தை. கைப்பிடிக்கு ஒரு தென்னை மரம். வெள்ளம் வந்த நாளில் கடலோரச் சிற்றூர் எதிலும் காணக்கூடிய காட்சிதான் இது. ஆனால் இவர் நிற்பது ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தின் முகப்பு உச்சியில். தோளில் இருப்பது குழந்தை இயேசு. சுமப்பவர் ஐரோப்பா முழுவதும் வழிப்போக்கர்களின் காவலராக வணங்கப்பட்ட புனித கிறிஸ்தோபர். அந்தப் புனிதரை உள்ளூர் ஆளின் உடுப்பில், உள்ளூர் மரத்தடியில் நிறுத்திய ஊரின் பெயர் மியாகாவ்.

பிலிப்பைன்ஸின் நடுவில் விசாயாஸ் தீவுக்கூட்டம். அதில் பனாய் ஒரு பெரிய தீவு. அத்தீவின் இலோய்லோ நகரிலிருந்து தென்மேற்கே கடற்கரையை ஒட்டியே சுமார் 40 கிலோமீட்டர் போனால் மியாகாவ் வரும். ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் பனாய் வளைகுடா. இந்தக் கரையில் அடர்ந்து வளர்ந்த ‘மியாகோஸ்’ என்ற செடியால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்று ஊரார் சொல்வார்கள். 1731இல் இது தனி ஊராயிற்று. இன்று 119 பராங்காய்கள், அதாவது சிற்றூர்ப் பிரிவுகள், இதற்குள் அடங்கும். கடல்வழி வந்த முன்னோரின் மரக்கலத்துக்குப் ‘பாலாங்காய்’ என்று பெயர். ஒரு கலத்தில் வந்தவர்கள் ஒரு குடியிருப்பானார்கள். கலத்தின் பெயரே குடியிருப்புக்கும் ஆயிற்று என்பார்கள்.

மியாகாவின் புகழெல்லாம் அந்தத் தேவாலயத்தைச் சுற்றியே இருக்கிறது. 1787இல் தொடங்கி 1797இல் முடிந்த கட்டடம். பிலிப்பைன்ஸின் நான்கு பரோக் தேவாலயங்களை யுனெஸ்கோ 1993இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது அவற்றில் ஒன்றாக இதுவும் சேர்ந்தது. ஒரு பெரிய கட்டடத்தைப் பெரியது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. இந்த முகப்பை ஒரு பழம்பாடலைப் படிப்பதுபோலச் சொல் சொல்லாக நின்று படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால், இதன் அழகு அளவில் இல்லை. இன்னாருக்குப் பதில் இன்னார், இந்த மரத்துக்குப் பதில் அந்த மரம் என்று சிற்பிகள் செய்த தேர்வுகளில் இருக்கிறது.

தென்னையிலிருந்தே தொடங்கலாம். கிறிஸ்தோபர் கதையில் அவர் ஒரு பேருடல் கொண்டவர். பாலமில்லாத ஆற்றில் வழிப்போக்கர்களைத் தோளில் தூக்கி அக்கரை சேர்ப்பது அவர் தொண்டு. ஒருநாள் ஒரு குழந்தையைச் சுமக்கிறார். நடு ஆற்றில் அதன் பாரம் உலகத்தின் பாரமாகிவிடுகிறது. கரையேறியபின் குழந்தை தான் யாரென்று சொல்லி, ஊன்றுகோலை மண்ணில் நட்டுவைக்கச் சொல்கிறது. மறுநாள் காலையில் அந்தக் கோல் தளிர்த்துப் பேரீச்சை மரம்போலக் காய்த்து நிற்கிறது. மேற்கில் பலகாலம் வழங்கிவந்த கதை இது.

இந்தக் கதை கப்பலேறிப் பனாய்க்கு வந்தது. பேரீச்சை விளையாத ஊர். கடற்காற்றில் ஆடுவதெல்லாம் தென்னை. சிற்பியின் உளி தயங்கியதாகத் தெரியவில்லை. முகப்பின் நடுவில், கிட்டத்தட்ட உச்சி தொடும்படி, ஒரு தென்னையை வளர்த்துவிட்டார். ஊன்றுகோல் துளிர்த்த மரத்தைப் புனிதர் ஒருகையால் பற்றிக்கொள்கிறார். கதையின் அற்புதம் கொஞ்சமும் குறையவில்லை. அது இப்போது அந்தக் கரையிலேயே நடக்கிறது, அவ்வளவுதான். இதே தேர்வைத் தமிழ்க் கிறிஸ்தவர்களும் செய்திருக்கிறார்கள். எருசலேமில் மக்கள் ஏந்தியது பேரீச்சை ஓலை. நாம் தென்னங்குருத்தை ஏந்தி, அந்த நாளுக்கே குருத்தோலை ஞாயிறு என்று பெயர் வைத்தோம். பிலிப்பைன்ஸிலும் அன்றைக்கு இளந்தென்னை ஓலையைத்தான் பின்னி ஏந்துகிறார்கள். ‘பாலாஸ்பாஸ்’ என்று அதற்குப் பெயர்.

அந்த மரத்தை ஊரார் எவ்வளவு அறிந்திருப்பார்கள் என்று எண்ணிப்பார்க்க வேண்டும். ஓலை, நார், சிரட்டை, எண்ணெய், கொப்பரை. அதற்கும் மேல் ‘தூபா’ என்ற கள். விசாயாஸ் பக்கத்துத் தூபாவில் கண்டல் மரப்பட்டையைச் சேர்ப்பதால் அது செங்காவி நிறமாக இருக்கும். மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் வேலைக்குப் போன தீவுக்காரர்கள் அந்தக் கள்ளிறக்கும் தொழிலையும் மெக்சிகோவின் மேலைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கொலீமா பகுதியில் இன்றைக்கும் தூபா என்ற பெயரிலேயே அது விற்கிறது.

போன கப்பல் வெறுமனே திரும்பவில்லை. அதன் சாட்சி தென்னைக்குப் பக்கத்திலேயே செதுக்கப்பட்டிருக்கிறது: பப்பாளி, கொய்யா. பார்க்கிறவருக்கு மூன்றும் ஒரே கொல்லையில் நிற்கும் மரங்கள். ஆனால் அவற்றில் தென்னை மட்டுமே அந்தக் கரையின் பழங்குடி. பப்பாளியும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். ஸ்பானியர் வந்த பிறகு கடல் தாண்டி வந்தவை. ஸ்பானிய மொழியின் ‘குவயாபா’தான் அங்கே ‘பாயாபாஸ்’ ஆயிற்று. முகப்பைச் செதுக்கிய நாளில் அந்தச் செடிகள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆகியிருக்கும். அதற்குள் அவை முற்றத்துச் செடிகளாகிவிட்டன. குழந்தைகள் கொய்யாவில் ஏறியிருப்பார்கள், தாய்மார் இளம் பப்பாளிக்காயைக் குழம்பில் போட்டிருப்பார்கள். ‘எங்கள் ஊர் மரங்களைச் செதுக்கு’ என்று மனம் சொன்னபோது சிற்பியின் கை தென்னையோடு இவற்றையும் சேர்த்துக்கொண்டது. வந்தவை எவை, இருந்தவை எவை என்ற கணக்கு அந்தக் கைக்குத் தோன்றவில்லை. அதே கடல்வழிகளின் கொடையாகத்தான் நம் வீட்டுக் கொல்லையிலும் பப்பாளியும் கொய்யாவும் நிற்கின்றன. அதனால் அந்தக் கல்மரங்களைப் பார்க்கையில் நமக்கும் பழகிய முகங்களைப் பார்த்த மகிழ்ச்சி வருகிறது.

இப்போது கண்ணை மேலிருந்து கீழே இறக்குவோம். தென்னைக்குக் கீழே, நடு மாடத்தில் ஊரின் பாதுகாவலர் வில்லனோவா தோமையார் இருக்கிறார். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் வலென்சியாவில் பேராயராக இருந்தவர்; கையில் இருப்பதை ஏழைகளுக்குக் கொடுத்தே பெயர் வாங்கியவர். இன்னும் கீழே, பெரிய வாசற்கதவின் இருபுறமும் இரண்டு உருவங்கள். ஒருவர் புனித ஹென்றி. புனித ரோமப் பேரரசராக முடிசூடியவர். மற்றவர் ஆறாம் பயஸ். தேவாலயம் எழுந்துகொண்டிருந்த காலத்தில் ரோமாபுரியில் திருத்தந்தையாக வீற்றிருந்தவர். இருவர் தலைக்கு மேலும் அவரவர் சின்னங்கள்.

இந்த அடுக்கு எனக்குத் தீராத வியப்பு. பேரரசரும் திருத்தந்தையும் வாசலுக்கு இருமருங்கும் நிற்கிறார்கள். ஈகைக்குப் பேர்போன பேராயர் அதற்கு மேலே. எல்லார்க்கும் மேலே, மேகத்துக்குப் பக்கத்தில், கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஒரு சுமைகாரர். அவரைச் சுற்றி ஒரு கொல்லை. சிற்பிகள் இதை எண்ணித்தான் அடுக்கினார்கள் என்று நான் வாதாட மாட்டேன். கல் இப்படித்தான் நிற்கிறது. ஞாயிறுதோறும் நிமிர்ந்து பார்த்த மீனவருக்கும் உழவருக்கும் அது ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கும்.

அவர்களுக்கு அந்தச் சொல் தேவையாகத்தான் இருந்தது. அந்தக் காலத்து ஸ்பானிய ஆட்சியில் 16 வயது முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு 40 நாள் கட்டாய உழைப்புத் தர வேண்டும். கூலி பெரும்பாலும் பேச்சோடு சரி. பாலங்களும் சாலைகளும் தேவாலயங்களும் அந்த உழைப்பில் எழுந்தவை. மியாகாவ் தேவாலயத்தின் அடித்தளம் 6 மீட்டர் ஆழம் இறங்குகிறது. சுவரின் பருமன் ஒன்றரை மீட்டர். அதைத் தாங்கும் முட்டுச்சுவர்கள் 4 மீட்டர் தடிமன். ஒவ்வொரு மீட்டருக்கும் எத்தனை தோள்கள் என்று எண்ணினால் கிறிஸ்தோபரின் தோள்சுமைக்கு வேறொரு பொருள் கிடைக்கிறது. சுமந்தவர்கள்தான் அந்தச் சுமைகாரரை உச்சியில் வைத்தார்கள். ஏவல் வேறு யாருடையதோ, மரம் அவர்களுடையது.

சுவர் ஏன் இவ்வளவு பருமன்? 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைகளுக்குக் கடல் அச்சத்தையும் கொண்டுவந்தது. தெற்கே சூலு, மிந்தனாவோ பகுதிகளிலிருந்து விரைகலங்களில் வந்தவர்கள் ஊர்களைக் கொளுத்தி ஆட்களை அடிமைகளாகப் பிடித்துப்போனார்கள். அந்தத் தெற்கத்திச் சுல்தானகங்கள் மீது ஸ்பானியரும் படையெடுத்தபடியேதான் இருந்தார்கள்; இரு தரப்புப் பகையில் நடுவே அகப்பட்டவை இத்தகைய கரையோர ஊர்கள். 1741இலும் 1754இலும் நடந்த தாக்குதல்களை மியாகாவ் மறக்கவில்லை. பழைய தேவாலயங்கள் அழிந்தபின், ஊரின் மிக உயர்ந்த இடமான தாகாஸ் மேட்டில் புதியதை எழுப்பினார்கள். அங்கிருந்து பார்த்தால் கடல் திறந்து கிடக்கும். வழிபடும் இடமே கோட்டை, மணிக்கோபுரங்களே காவல்மேடை. யுனெஸ்கோ இதைக் கோட்டைப் பரோக் என்ற வகையின் மிகச் சிறந்த எச்சமாகச் சொல்கிறது.

அந்தக் கோபுரங்கள் இரண்டும் ஒரே உயரம் இல்லை. வெவ்வேறு குருமார்கள் காலத்தில் எழுந்ததால் அடுக்குகளின் எண்ணிக்கை ஒன்றில் கூடி ஒன்றில் குறைந்தது. பிற்காலத்தவர் யாரும் அதைச் ‘சரி’ செய்யவில்லை; செய்யாததே நல்லது. அளவெடுத்தாற்போல நிற்கும் கோபுரங்களுக்கு இல்லாத ஒரு குடும்பக் களை இவற்றுக்கு இருக்கிறது. அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல. அடி அகன்று மேலே போகப் போக ஒடுங்கும் அந்தப் பருத்த உடல்களுக்கு நடுவில் முகப்பின் நுண்வேலைப்பாடு, முரடான இரு கைகளுக்குள் பொத்திவைத்த பூவாகத் தெரிகிறது. அச்சத்துக்குக் கட்டிய சுவர்கள், அன்புக்குச் செதுக்கிய முகம். இரண்டும் ஒரே கல், ஒரே மஞ்சள் காவி. சுண்ணக்கல்லும் பவளக்கல்லும் தந்த நிறம் அது. வெயில் சாயும் நேரத்தில் தேன் தடவியதுபோல ஆகிவிடும்.

அந்த அச்சத்தையும் ஊர் கொண்டாட்டமாக மாற்றிக்கொண்டது. ‘சலகாயான்’ என்ற விழாவில் பழைய தாக்குதலையும் எதிர்த்து நின்றதையும் தெருவில் ஆடிக் காட்டுகிறார்கள். தோமையார் திருநாள் செப்டம்பர் 22. டிசம்பர் 16 தொடங்கி ஒன்பது நாள் விடியலுக்கு முன்பே திருப்பலி. உழவர்கள் வயலுக்குப் போகும்முன் வந்துபோக வசதியாக ஏற்பட்ட வழக்கம் அது என்பார்கள். இருட்டில் மணி கேட்டதும் கதவுகள் திறக்கின்றன. ஒருகாலத்தில் ‘ஓடு’ என்று ஒலித்த மணி இப்போது ‘வா’ என்கிறது.

முகப்பை விட்டு ஊருக்குள் வந்தால் இன்னொரு மேற்பரப்பு இருக்கிறது. அது நூலால் ஆனது. ‘ஹபோல்’ என்றால் நெசவு, நெய்த துணி ‘ஹப்லோன்’. பராங்காய் இந்தாக்-ஆனில் பெண்கள் கூட்டுறவுச் சங்கமாகக் கூடி நெய்கிறார்கள். மிதிதறிக்கு ‘திரால்’ என்று பெயர். அதில் இடமும் வலமுமாக ஓடும் நாடாவுக்கு ‘லன்சதேரா’. தொழிலின் பெயர் தீவின் சொல். நாடாவின் பெயர் ஸ்பானியச் சொல். பப்பாளிக்கும் தென்னைக்கும் இருந்த அதே உறவு தறியிலும் இருக்கிறது. பருத்தி, அபாகா நார், அன்னாசி இலையிலிருந்து உரித்தெடுத்த பீன்யா நூல் என்று பலவும் இந்தத் தீவின் தறிகளில் ஏறியிருக்கின்றன. அன்னாசியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். வந்த செடியின் இலையைச் சுரண்டி, மயிரிழை போன்ற நாரெடுத்து, கண்ணாடிபோன்ற துணியாக்கிவிட்டார்கள்.

ஹப்லோனின் அழகு கட்டங்களில். ‘பதாட்யோங்’ என்ற சுற்றாடையில் அதைக் காணலாம். வாய் இரண்டும் திறந்த குழாய்போலத் தைத்த துணி. இடுப்பில் செருகினால் போதும், கயிறோ ஊக்கோ வேண்டாம். அந்த ஒரே துணி வயலில் பாவாடை, வெயிலில் தலைமறைப்பு, ஆற்றில் குளியல் உடை, உத்தரத்தில் கட்டினால் பிள்ளைக்குத் தூளி. பழைய சேலையில் தூளி கட்டி வளர்ந்தவர்களுக்கு அந்தத் துணியின் அருமையை விளக்க வேண்டியதில்லை. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் மூன்றாவதாக ஒரு நிறம். அந்த மூன்றாம் நிறத்தை யாரும் சாயத்தில் தோய்க்கவில்லை. குறுக்கும் நெடுக்கும் கலந்ததால் பிறந்தது. இந்த ஊரின் வரலாற்றுக்கு இதைவிட நெருக்கமான உருவத்தை நான் அறியேன்.

நெசவுக்குக் கெட்ட காலமும் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இலோய்லோ பிலிப்பைன்ஸின் பெரிய நெசவு மாகாணம். 1855இல் இலோய்லோ துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிரிட்டிஷ் துணைத்தூதராக வந்து இறங்கினார் நிக்கலஸ் லோனி. அவர் காலத்தில் மான்செஸ்டர் ஆலைத் துணி மலிவாகக் குவிந்தது. கப்பல்கள் திரும்பும்போது நீக்ரோஸ் தீவின் சர்க்கரையை ஏற்றின. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அப்படியும் மியாகாவின் சில வீடுகளில் மிதிகட்டையின் ஓசை நிற்கவில்லை. இன்றைக்கு அங்கே ஒரு பெண் நாடாவைத் தள்ளும்போது, அது அந்த ஆலைகளையெல்லாம் தாண்டி வந்த ஓசை.

ஊர்க்காரர்களின் அன்பு எவ்வளவு நுண்மையானது என்பதற்கு ஒரு பாலம் சாட்சி. 1854இல் கட்டிய கல்பாலம். ‘தாய்தாய்’ என்றால் பாலம். கட்டுமானத்தை மேற்பார்த்தவர் போனிஃபாசியோ நேவுலார். ஊர் அவரை முழுப்பெயரிட்டு அழைக்கவில்லை. ‘தாய்தாய் போனி’ என்றே பாலத்துக்குப் பெயர் நிலைத்தது. ஆளுநர்கள் பெயரும் அரசர்கள் பெயரும் சூட்டப்பட்ட காலத்தில் ஒரு பாலம் தன் மேஸ்திரியின் செல்லப்பெயரைச் சுமந்து நிற்கிறது.

அடுப்படியிலும் இதே கதைதான். இலோய்லோ பக்கத்தின் விருப்பமான குழம்பு துவரை, பன்றியிறைச்சி, பலாக்காய் மூன்றும் சேர்ந்தது. உள்ளூர்ப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்துக் ‘கேபிஎல்’ என்பார்கள். புளிப்புக்கு ‘பாத்வான்’ காய். நம் குடம்புளியின் நெருங்கிய உறவு. துவரையின் கருமை ஏறிய சாற்றில் பலாவின் நார் வெந்து, பாத்வானின் புளிப்பு கடைசியாக நாக்கில் வந்து நிற்கும். இலோய்லோவுக்கு எதிரே கிமராஸ் தீவு, மாம்பழத்துக்குப் பேர்போனது. அவர்கள் சொல் ‘மாங்கா’. நம் ‘மாங்காய்’ மலாய் மொழி வழியாகப் போய்ச்சேர்ந்த சொல் அது. கொய்யா ஒரு திசையில் வந்தது, மாங்காய் இன்னொரு திசையில் வந்தது. இரண்டையும் அந்தக் கரை தன் பிள்ளையாகவே வளர்த்தது.

தெருவில் ஓடும் ஜீப்னியும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, கூரை போட்டு, வண்ணம் தீட்டி ஊர்வண்டியாக்கினார்கள். இலோய்லோவிலிருந்து மியாகாவுக்கு வரும் மாணவர்கள் அதில்தான் நெருக்கியடித்து வருகிறார்கள். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் விசாயாஸ் பிரிவு இங்கே இருக்கிறது. மீன்வளமும் கடலியலும் அதன் பெருமை. ஒருகாலத்தில் எதிரிக்கலம் தெரிகிறதா என்று கடலை உற்றுப் பார்த்த ஊரில் இன்று இளைஞர்கள் மீன்குஞ்சுகளுக்காக அதே கடலை உற்றுப் பார்க்கிறார்கள்.

தேவாலயம் எளிதில் பிழைக்கவில்லை. 1898இல் ஸ்பானியருக்கு எதிரான கிளர்ச்சியில் எரிந்தது. 1910இல் மறுபடியும் தீ. இரண்டாம் உலகப் போரில் சேதம். 1948 ஜனவரியில் பனாயையே உலுக்கிய நிலநடுக்கம். ஒவ்வொரு முறையும் ஊர் கூடிக் கூரை ஏற்றியது. 1960களின் தொடக்கத்தில் பெரிய சீரமைப்பு நடந்தது. கூலி பேசாமல் ஒருவர் வேலைக்கு ஊரே கைகொடுப்பதை அந்தப் பக்கத்தில் ‘தாக்யாவ்’ என்பார்கள். முதலில் கட்டாயத்தால் எழுந்த சுவர். பிறகு ஒவ்வொரு முறையும் விருப்பத்தால் எழுந்தது. அப்படித்தான் அது அவர்களுடையதாயிற்று.

பப்பாளி நீண்டநாள் வாழும் மரம் இல்லை. சில ஆண்டுகள் காய்த்துவிட்டுச் சாய்ந்துவிடும். கல்லில் நிற்கும் இந்தப் பப்பாளி இருநூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. உப்புக்காற்றில் அதன் ஓரங்கள் மழுங்கியிருக்கலாம். ஆனாலும் மியாகாவின் ஒரு சின்னப் பிள்ளை தாயின் கையைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தால், புனிதர் யார், பேரரசர் யார் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மூன்று மரங்களின் பெயரை மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவை அதன் வீட்டுக் கொல்லையில் நிற்கின்றன.